கவுன்சிலர், கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: 9 மார்ச் 2024

மனநல மருத்துவரோ, உளவியலாளரோ, கவுன்சிலிங் செய்பவரோ தேர்தலில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடலாம் என்பது என் கட்சி. காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்கள். சட்டென்று கோபப்பட மாட்டார்கள். எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் ஏன் இவர்கள் அரசியல் பக்கமே வருவதில்லை?

9 மார்ச் 2024, இரவு

வருகிறார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் ஓஹாயோ மாநில ஆளுநராக 2007 முதல் 2011 வரை இருந்த டெட் ஸ்டிரிக்லண்ட் உளவியலாளர். சிறையில் கைதிகளோடு வேலை பார்த்தவர். 12 ஆண்டுகள் கீழவையில் இருந்த பிரையன் பேர்ட், இன்றும் அங்கே இருக்கும் ஜூடி சூ, 2017 வரை இருந்த டிம் மர்ஃபி எல்லாரும் உளவியல் துறையிலிருந்து போனவர்கள். பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குப் போன டான் போல்ட்டர் மனநல மருத்துவர். உறுப்பினராக இருந்துகொண்டே மருத்துவமனையிலும் வேலை பார்த்தவர்.

"கண்ணை மூடிக்கொண்டு" என்பதில்தான் எனக்குச் சண்டை. போஸ்னியப் போரில் செர்பியர் தரப்புத் தலைவராக இருந்த ரடோவான் கராஜிச்சும் மனநல மருத்துவர்தான். சரயேவோவில் நோயாளிகளைப் பார்த்தவர், கவிதையும் எழுதியவர். போஸ்னியாவில் நடந்த கொடுமைகளுக்காக, இனப்படுகொலை உட்பட, யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 2016-ல் அவருக்கு 40 ஆண்டு சிறை விதித்தது. 2019-ல் மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது. ஒருவருடைய பயம் எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரிந்தவருக்கு அதைத் தணிக்கவும் தெரியும், ஊதிவிடவும் தெரியும். படிப்பு இரண்டையும்தான் கற்றுக்கொடுக்கிறது.

நான் 17 வருடமாகக் கவுன்சிலிங் செய்கிறேன். ஒரு முறை உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றேன். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா விட முடியவில்லை. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

10 மார்ச் 2024

காது கொடுத்துக் கேட்பது பற்றி.

அறைக்குள் நான் கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு, ஒரு மூடிய கதவு உண்டு. முக்கியமாக, எதிரில் இருப்பவரிடமிருந்து எனக்கு வேண்டியது எதுவும் கிடையாது. கட்டணத்தை வாங்கிவிட்டால் அவர் என்னை வெறுக்கலாம், திட்டலாம், அடுத்த வாரம் வராமலே போகலாம். அந்த உரிமை இருப்பதால்தான் அவரால் உண்மையைச் சொல்ல முடிகிறது.

வாசற்படியில் நிற்கும் வேட்பாளருக்கு ஒன்று வேண்டும். அது அவருக்கும் தெரியும், கதவைத் திறந்தவருக்கும் தெரியும். நான் எவ்வளவு பொறுமையாகக் கேட்டாலும் அந்த "வேண்டும்" நடுவில் நிற்கும்.

பிரசாரத்தின் 3-ம் நாள் ஒரு பெரியவர், மனைவி போன பிறகு தனியாக இருப்பவர், பேச ஆரம்பித்தார். தெருவிளக்கில் தொடங்கி மனைவியின் கடைசி மாதத்துக்குப் போய்விட்டார். 40 நிமிடம் நின்றேன். என்னோடு வந்த பையன் இரண்டு தடவை மணி பார்த்தான், மூன்றாவது தடவை கனைத்தான். அன்று மூன்று தெரு விட்டுப்போனது. கிளம்பும்போது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் ஓட்டு உனக்குத்தாம்மா" என்றார். எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. அவர் துக்கத்தைச் சொன்னதற்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. நான் அதைக் கேட்கவில்லை, ஆனால் அது விழுவதற்கு ஏற்ற இடத்தில் போய் நின்றவள் நான்தான்.

இது நடிப்பு என்று சொல்லவில்லை. அந்த 40 நிமிடமும் நான் உண்மையாகத்தான் கேட்டேன். அதுதான் சிக்கலே.

10 மார்ச் 2024, சற்றுக் கழித்து

சின்னதாக ஒன்று. நம் மொழியில் வார்டு உறுப்பினரும் கவுன்சிலர், ஆலோசனை சொல்பவரும் கவுன்சிலர். "கவுன்சிலர் வந்திருக்கேங்க" என்று சொன்னால் பாதி வீட்டில் "அதுக்குள்ள ஜெயிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். நன்றாகச் சிரித்தோம், அதோடு பேச்சும் தொடங்கியது.

இன்னொரு சொல்லில் சிரிப்பு இல்லை. கூட இருந்தவர்கள் போஸ்டரில் "டாக்டர்" என்று போட்டுவிட்டார்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, முனைவர் பட்டமும் வாங்கவில்லை. மருந்து எழுதுகிறவர் மனநல மருத்துவர். உளவியலாளர் உளவியல் படித்துப் பயிற்சி பெற்றவர். நான் ஆலோசகர். ஊரில் எல்லாரையும் டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் கூப்பிடுவது வேறு, நானே அச்சடித்து ஒட்டுவது வேறு. முழுக்கட்டையும் திரும்ப அடிக்கச் சொன்னேன். இரண்டு நாள் போஸ்டர் இல்லாமல் போனது. ஒருவர் கோபித்துக்கொண்டு விலகியே போய்விட்டார். அதற்கு இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

13 மார்ச் 2024

"அப்புறம் எதற்கு நின்றீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஒரே வருடத்தில் ஐந்து பேர் தூக்கமில்லை என்று வந்தார்கள். ஒருவரையொருவர் தெரியாது. வயது வேறு, குடும்பச் சூழல் வேறு. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். படுக்கும் நேரம், திரை பார்ப்பதைக் குறைப்பது, மூச்சுப் பயிற்சி, கவலைகளை மாலையிலேயே எழுதிவைப்பது. நான்காவது ஆள் போகிற போக்கில், "அந்த மெஷின் சத்தம் நின்னாத்தானே மேடம்" என்றார். பழைய குறிப்புகளைப் புரட்டினேன். ஐந்து பேரும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறவர்கள். இரவு முழுக்க ஓடும் ஒரு பட்டறை. அதற்கு உரிமம் தரும் அலுவலகம் இருந்தது, நேரக் கட்டுப்பாடு இருந்தது, நடைமுறை மட்டும் இல்லை.

நான் மாதக்கணக்கில் ஐந்து பேருக்கு மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாற வேண்டியது அந்தப் பட்டறை ஓடும் நேரம்.

ஒருவருடைய வேதனையை அவருக்குள்ளேயே தேடப் பழகிவிடுவது எங்கள் தொழிலின் பெரிய ஆபத்து. ஃபிரான்ஸ் ஃபனான் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அல்ஜீரியாவில் பிளிடா மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்தார். வெளியே ஒரு நாட்டையே மிதித்துக்கொண்டு உள்ளே தனித்தனி மனிதரைக் குணமாக்குவது பொருளற்றது என்று கண்டு 1956-ல் வேலையை விட்டார், விடுதலைப் போராட்டத்தோடு சேர்ந்தார். என் பட்டறைச் சத்தத்தை அதோடு ஒப்பிடவில்லை. அந்த முடிவுக்கு ஒரு மனம் எப்படி வந்து சேர்கிறது என்பது மட்டும் எனக்கு அப்போது புரிந்தது.

இத்தாலியில் பிராங்கோ பசாலியா வேறு வழியில் போனார். கோரிசியாவிலும் பிறகு திரியெஸ்தேயிலும் மனநல விடுதிகளின் பூட்டிய கதவுகளைத் திறந்துவிட்டார். ஆனால் திறந்த கதவு நாடு முழுக்கத் திறந்தே இருக்கச் சட்டம் வேண்டியிருந்தது. 1978 மே மாதம் 180-ம் எண் சட்டம் வந்தது. அதை நாடாளுமன்றத்தில் கொண்டுசென்ற புரூனோ ஒர்சினியும் மனநல மருத்துவரே, வேறு அணிக்காரர். ஒருவர் வெளியிலிருந்து தள்ளினார், ஒருவர் உள்ளேயிருந்து இழுத்தார். எங்கள் ஆட்கள் சபைக்குள் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

16 மார்ச் 2024

இதுவரை எழுதியதில் முக்கியமானவர்களை விட்டுவிட்டேன். ஏற்கெனவே என் அறையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களை.

வேட்புமனு போடுவதற்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் 34 பேர். "இவர் நல்ல பிரதிநிதியாக இருப்பாரா" என்று எல்லாரும் கேட்கிறார்கள். "இந்த 34 பேர் என்ன ஆவார்கள்" என்று யாரும் கேட்கவில்லை. நானும் தாமதமாகத்தான் கேட்டேன்.

மனநலத் தொழிலில் இருப்பவர் தன்னைப் பற்றி அதிகம் காட்டக் கூடாது என்று ஃபிராய்ட் 1912-லேயே எழுதினார். நோயாளிக்கு மருத்துவர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், தனக்குக் காட்டப்பட்டதையே திருப்பிக் காட்ட வேண்டும் என்று. இன்று யாரும் அவ்வளவு கறாராக இருப்பதில்லை, நானும் இல்லை. ஆனாலும் என் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துச் சுவரில் ஒட்டிய பிறகு அந்தக் கண்ணாடி என்ன ஆகும்? பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, தன் மிகப்பெரிய அவமானத்தைக் கேட்டவள் சுவரிலிருந்து கைகூப்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு பெண் என்னிடம் நேராகவே சொன்னார்: "உங்களைப் பார்க்காம இருக்க அந்த வழியா போறதை விட்டுட்டேன்."

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொன்னேன். நான்கு வாரம் அவகாசம் கொடுத்தேன். சிலர் வேறு ஆலோசகரிடம் போனார்கள், அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சிலர் "நாங்க முடிச்சிக்கிறோம்" என்றார்கள். அப்போது அவர்கள் உண்மையிலேயே தயார் என்று நம்பினேன். எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று அப்படிச் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது. அடுத்தவருக்குச் சிரமம் தரக் கூடாது என்பதே நோயாக இருந்த ஒருவரிடம், நான் போகிறேன், பரவாயில்லையா என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்?

அப்புறம் அந்தக் கதவு.

கவுன்சிலிங்குக்கு வருகிறவரை வெளியில் பார்த்தால் நாங்கள் முதலில் வணக்கம் சொல்ல மாட்டோம். அவர் சொன்னால் சொல்வோம். கூட இருப்பவருக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். முதல் செஷனிலேயே இதைச் சொல்லிவிடுவேன். ஆனால் வாக்குச் சேகரிக்கும்போது அவர்கள் இருக்கும் வீட்டுக்கு நானே போய் மணி அடிக்கிறேன்.

ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் இரண்டு வருடம் என்னிடம் வந்தவர். (விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பின்னால் கணவர் நின்றார். மனைவி என்னிடம் வந்தது அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

"யாருங்க?" என்றார் கதவைத் திறந்தவர், முதல் தடவை பார்க்கிற குரலில்.

"வார்டு தேர்தல்ல நிக்கிறேங்க. நோட்டீஸ் குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

கணவர் எட்டிப் பார்த்து, "கவுன்சிலிங் பண்றவங்கதானே? நல்லா பண்ணுவாங்கன்னு சொன்னாங்க. உனக்குத் தெரியுமா?" என்றார்.

"எனக்கெப்படித் தெரியும்?"

நோட்டீஸை வாங்கிக்கொண்டார். கணவர் தெருக்குழாய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் அவர் கையை மட்டும் பார்த்தேன். அந்தத் தாளை இரண்டாக மடித்தார், நான்காக, எட்டாக. இனி மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதானதும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். என் முகம் அச்சான பக்கம் உள்ளே போய்விட்டது.

"அந்தத் தெருவைத் தவிர்த்திருக்கலாமே" என்று நண்பர்கள் சொன்னார்கள். எப்படித் தவிர்ப்பது? எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டுமானால் ஃபைல்களைத் திறந்து முகவரி எடுக்க வேண்டும். நல்ல நோக்கத்துக்கே என்றாலும், அது தேர்தல் வேலைக்காக ஃபைலைத் திறப்பதுதான். திறக்கவில்லை. திறக்காததால் அந்த வாசலில் போய் நின்றேன். இரண்டில் எது சரி என்று இத்தனை வருடமாகியும் எனக்கு முடிவாகவில்லை. வேறு வார்டில் நின்றிருக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி.

17 மார்ச் 2024

சிகிச்சைக்கு வந்தவர்களிடம் பிரசாரத்துக்குப் பணம் வாங்கினீர்களா என்று கேட்டவருக்கு: ஒருவர் உறையில் நன்கொடை வைத்து அனுப்பினார், "நீங்க எனக்குச் செஞ்சதுக்கு" என்று எழுதி. அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். இன்னொருவர் மேடையேறி "இவங்களாலதான் நான் உயிரோட இருக்கேன்" என்று சொல்லட்டுமா என்று கேட்டார். ஓட்டு மழையாகக் கொட்டியிருக்கும். வேண்டாம் என்றேன். சிகிச்சையில் இருப்பவரிடம் நற்சான்று கேட்கக் கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. அவராக முன்வந்தாலும் எனக்கு அது ஒன்றுதான். என்னிடம் "இல்லை" சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் சொல்லும் "ஆமா" எனக்குச் செல்லாது.

21 மார்ச் 2024

"எதிரில் இருப்பவர் மனதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். இதுதான் தேர்தலில் மிக ஆபத்தான ஆயுதம்.

1964-ல் பாரி கோல்டுவாட்டர் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது ஒரு பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, இவர் மனத்தளவில் அதிபராகத் தகுதியானவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் போட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தகுதியில்லை என்றார்கள். அவரை நேரில் உட்காரவைத்துப் பேசிப்பார்த்து யாரும் எழுதவில்லை. வழக்குப் போட்டு 75,000 டாலர் தண்டத் தொகை வென்றார். 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் விதியே கொண்டுவந்தது: தானே பரிசோதிக்காத, சம்மதமும் தராத பொது மனிதரின் மனநிலை பற்றித் தொழில்முறைக் கருத்து சொல்லக் கூடாது. கோல்டுவாட்டர் விதி என்றே அதற்குப் பெயர்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். வகுப்பெடுத்திருக்கிறேன். இருந்தும் என்ன செய்தேன் தெரியுமா?

வேட்பாளர் சந்திப்புக் கூட்டத்தில் எதிர் வேட்பாளர் குரலை உயர்த்திக்கொண்டே இருந்தார். கூட்டம் நடத்தியவர் என்னிடம் திரும்பி, "மேடம், இவரோட கோபத்தை நீங்க எப்படிப் பார்க்கறீங்க?" என்று கேட்டார். நான் ஒரு கணம் நிறுத்தி, என் அறைக் குரலில், மெதுவாக, "உள்ளே பயம் இருக்கறவங்கதான் இப்படிக் கத்துவாங்க" என்றேன்.

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவர் தலையைக் குனிந்து மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். மறுபடி அடுக்கினார். அன்று அதற்கு மேல் அதிகம் பேசவில்லை.

எல்லாரும் அதை என் சிறந்த தருணம் என்றார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மனிதர்களைத் தாங்கிப்பிடிக்கக் கொடுத்த குரலை ஒரு மனிதரைச் சாய்க்கப் பயன்படுத்தினேன். வேறு வேட்பாளர் இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அது வெறும் வசை. என் வாயிலிருந்து வந்ததால் அது தீர்ப்பு. தேர்தல் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

22 மார்ச் 2024

திருத்தம். நேற்று "பாதிக்கு மேற்பட்டவர்கள்" என்று எழுதியது தவறு. தகுதியில்லை என்றவர்கள் 1,189 பேர், பதில் போட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவு. தகுதி உண்டு என்றவர்கள் 657. மிச்சம் 571 பேர், இதைச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு அவரைப் பற்றித் தெரியாது என்று எழுதினார்கள். பதிலே போடாத கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரும் உண்டு. அந்த 571 பேரை யாரும் நினைவில் வைப்பதில்லை. நானும் கணக்கில் அவர்களைத்தான் மறந்திருக்கிறேன்.

30 மார்ச் 2024

"மனநலத் துறையில் இருப்பவருக்கே மனநலப் பிரச்சினை இருந்தால்?" என்று ஒருவர் கேட்டதற்கு.

இருக்கும். எங்களுக்கும் மனம்தானே. நான் இரண்டு வருடம் இன்னொருவரிடம் சிகிச்சைக்குப் போனேன், நான்கு மாதம் மருந்து எடுத்தேன். பிரசாரத்தின்போது இது எப்படியோ கசிந்து "அவளே மாத்திரை சாப்பிடறவ" என்று தெருவில் உலவியது.

1972-ல் அமெரிக்காவில் துணை அதிபர் வேட்பாளராக இருந்த தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மருத்துவமனையில் இருந்ததும் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதும் வெளியே வந்ததால் 18 நாளில் விலக வேண்டியதாயிற்று. அதே மனிதர் அதற்குப் பிறகும் மேலவைக்கு இரண்டு முறை வென்றார். அவரை அறிந்த ஊர் அவரை விடவில்லை. பிரிட்டனில் மனநலச் சட்டத்தின்கீழ் ஆறு மாதத்துக்கு மேல் அடைத்துவைக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை இழப்பார் என்று ஒரு விதி 2013 வரை இருந்தது. உடம்பு நோயால் எத்தனை மாதம் படுத்திருந்தாலும் அப்படி இல்லை.

நார்வே பிரதமர் ஷெல் மாக்னே போன்டெவிக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1998-ல் பதவியில் இருக்கும்போதே மனச்சோர்வு என்று வெளிப்படையாகச் சொல்லிச் சில வாரம் விடுப்பில் போனார், திரும்பி வந்தார். 2001-ல் மறுபடி பிரதமரானார். மூடிமறைத்திருந்தால் வதந்திதான் ஆட்சி செய்திருக்கும்.

அவர் தந்த தைரியத்தில் நானும் ஒரு தெருக்கூட்டத்தில் சொல்லிவிட்டேன். கூட்டம் அமைதியானது. முடிந்ததும் ஒரு இளைஞர் ஒதுங்கி நின்று, "அந்த மாத்திரையை நிறுத்தினப்ப கஷ்டமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஓட்டு எத்தனை போனதோ, அந்தக் கேள்விக்காக அது போகட்டும்.

28 ஏப்ரல் 2024

முதலில் நான் குறிப்பிட்ட டான் போல்ட்டர் நேற்றுக் கட்சி மாறிவிட்டார், ஆளும் கட்சியிலிருந்து எதிர்க்கட்சிக்கு. மருத்துவமனையில் உடன் வேலை செய்பவர்களையும் நோயாளிகளையும் முகம் பார்க்க முடியவில்லை என்கிற பொருளில் பேசியிருக்கிறார். கட்சி சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. காலையில் சபையில் கையைத் தூக்கிவிட்டு இரவில் அதன் விளைவை வார்டில் பார்க்கிறவருக்கு வேறு மாதிரித்தான் உறுத்தும். நான் தொழிலை நிறுத்திவிட்டு நின்றேன். நிறுத்தாமல் நிற்பதில் ஒரு நேர்மை இருக்கிறதோ என்று இப்போது தோன்றுகிறது.

5 மே 2024

இல்லை. நான்கு நாள் யோசித்தேன். மருத்துவமனைக்கும் என் அறைக்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஃபைல் நிறுவனத்திடம் இருக்கிறது. இங்கே என் பீரோவில்.

பிரசாரத்தின்போது எதிர்த்தரப்பில் யாரோ பேச்சுவாக்கில் "ஊர்ல பாதிப் பேரோட ரகசியம் அவகிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். என்மேல் வந்த வசையாக அதை எடுத்துக்கொண்டு உதறிவிட்டேன். அன்றிரவு 11 மணிக்கு ஒருவர் போன் செய்தார். "மேடம், என் ஃபைல் எங்க இருக்கு?" அவ்வளவுதான் கேட்டார். பூட்டி வைத்திருக்கிறேன் என்றேன். "சாவி?" என்றார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. 1971 செப்டம்பர் 3-ம் தேதி, அமெரிக்காவில் வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை வெளியே கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்க்கைப் பழிவாங்க ஆதாரம் தேடி, வெள்ளை மாளிகையின் ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தையே உடைத்து நுழைந்தார்கள். அரசியலுக்கு அந்த ஃபைல்மேல் எப்போதுமே ஒரு கண் உண்டு. என் வீட்டு முன்னறையில் அப்போது தினமும் பத்துப் பதினைந்து பேர் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள், நோட்டீஸ் அடுக்கிக்கொண்டு, போன் பேசிக்கொண்டு. பீரோ பக்கத்து அறையில். மறுநாளே எல்லாவற்றையும் என் மேற்பார்வை ஆலோசகரிடம் முத்திரையிட்டுக் கொடுத்துவிட்டேன். அதை மனுத் தாக்கல் செய்வதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

19 மே 2024

கதவு பற்றி எழுதியதற்கு ஒருவர் கடுமையாகவே எழுதியிருக்கிறார்: "விவரத்தை மாற்றிவிட்டேன் என்கிறீர்கள். ஆனால் அந்தக் கை, அந்த மடிப்பு அவருடையதுதானே? அவர் படித்தால் தெரிந்துவிடாதா?" தெரியும். மாற்றுவது மற்றவர்களிடமிருந்துதான் காப்பாற்றும், அவரிடமிருந்து காப்பாற்றாது. அவருடைய சம்மதத்தை எழுதுவதற்கு முன்பே வாங்கியிருந்தேன், அதை இங்கே சொல்லாமல் விட்டது என் தவறு.

இன்னொன்றும் சொல்ல அவர் அனுமதித்திருக்கிறார். தேர்தல் முடிந்து இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வந்ததுல கோவம் இல்ல மேடம். நீங்க நல்லா நடிச்சீங்க. அதைப் பார்த்ததும், என்கிட்ட பேசினப்பவும் இப்படித்தானோன்னு தோணிடுச்சு" என்றார்.

இதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. இப்போதும் இல்லை.

2 செப்டம்பர் 2024

முதலில் கேட்டவர் மறுபடி வந்து, "சரி, ஒரே வரியில் சொல்லுங்கள், நிற்கலாமா கூடாதா?" என்கிறார்.

நிற்க வேண்டும். அந்தப் பட்டறை நேரத்தை மாற்ற யாராவது உள்ளே இருக்க வேண்டும். டிம் மர்ஃபி முன்வைத்த மனநல மசோதாவின் பல பகுதிகள் 2016-ல் சட்டமானது, ஒரு உளவியலாளர் சபைக்குள் உட்கார்ந்து வருடக்கணக்கில் விடாமல் கேட்டதால். ஆனால் ஒரு வருடம் முன்னதாகவே புதியவர்களை ஏற்பதை நிறுத்திவிட்டு, தன்னிடம் வருகிறவர்கள் வாழாத தொகுதியில், ஃபைல்களை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். மேடையில் யார் என்ன கேட்டாலும் அடுத்தவர் மனதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. தோற்றால் அதே அறைக்கு அதே ஆளாகத் திரும்ப முடியாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு நிற்க வேண்டும்.

அந்த 34 பேரில் 9 பேர்தான் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவர் போன வாரம் சொன்னதை, அவர் அனுமதியோடு எழுதுகிறேன். உட்கார்ந்தார், பையைக் காலடியில் வைத்தார், ஆரம்பிக்கவில்லை. வழக்கமாக அவர்தான் முதலில் பேசுவார். காத்திருந்தேன்.

"மறுபடி நிப்பீங்களா மேடம்?"

"ஏன் கேக்கறீங்க?"

"நிக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு."

நான் நிற்கப்போவதில்லை என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார்.